எல்லையின் இருபுறமும் புகழ்: நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் மறைந்தோர் நினைவு

நெய்யாற்றின் கரையோரம் அமைந்த ஆரியங்கோடு ஊராட்சி, கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்தது. சட்டமன்றத் தேர்தலில் பாறசாலைத் தொகுதிக்குள் வருவது. அங்கிருந்து வெள்ளறடை, பாறசாலை வழியாகச் சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டாரம் தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1 வரை இவ்விரு பகுதிகளும் ஒரே ஆட்சியின் கீழ், முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானமாகவும் 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாகவும் இருந்தன. அன்று இழுக்கப்பட்ட மொழிவழி எல்லைக்கோடு நிலத்தையும் ஆவணங்களையும் பிரித்ததோடு நிற்காமல், இறந்துபோன பொதுமனிதர்களையும் பங்கிட்டது. எவருக்குச் சிலை வைப்பது, எவர் பெயரைக் கல்லூரிக்கு இடுவது, எந்த நாளில் மாலை அணிவிப்பது என்பவற்றை இரு வேறு அரசுகள் இரு வேறு மொழிகளில் முடிவு செய்யத் தொடங்கின. ஒருவர் இறந்தபின் அவரைப் புகழும் எந்த நிறுவனமும், அது அரசாயினும் கட்சியாயினும் சபையாயினும் சாதிச் சங்கமாயினும், அவருடைய வாழ்விலிருந்து தனக்கு உதவும் பகுதியை எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுகிறது. வேறிடங்களில் கைவிடப்பட்ட பகுதி கண்ணுக்குப் படாமலே மறைந்துவிட, இந்த எல்லைப்புறத்தில் மட்டும் அது சில மைல்களுக்கு அப்பால் இன்னொரு நிறுவனத்தின் கல்வெட்டில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். புகழுரை எவ்வாறு கட்டப்படுகிறது என்பதை ஆராய இதைவிட வசதியான நிலம் தென்னிந்தியாவில் அரிது.

இறந்தவரைப் புகழ்வதற்குத் தமிழில் மிகப் பழைய இலக்கணம் உண்டு. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்துதல் என ஆறு நிலைகளாக வகுக்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, அதை எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடியும் இந்த வரிசையில் சொல்லால் புகழ்வது கடைசிப் படியாகவே வருவது கவனிக்கத்தக்கது. தலைவனை இழந்தோர் செயலற்று வருந்திப் பாடுவது கையறுநிலை எனும் துறை. இத்துறைக்குரிய பாடல்களில் இந்த வட்டாரத்தோடு நேரடித் தொடர்புடையவை ஆய் அண்டிரன் மறைவைப் பற்றிப் புறநானூற்றில் உள்ள இரண்டு பாடல்களாகும். பொதியில் மலையை ஆண்ட ஆய் மரபினரின் நாடு தென் திருவிதாங்கூர்வரை பரவியிருந்தது. பிற்கால ஆய் மன்னர்கள் விழிஞத்தில் இருந்து ஆண்டதையும், கருநந்தடக்கன் 866இல் புதுக்கடைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் கல்விச்சாலையும் நிறுவியதையும் செப்பேடு உறுதிப்படுத்துகிறது.

அவ்விரு பாடல்களும் ஒரே மரணத்தை இரு திசைகளில் கொண்டுசெல்கின்றன. குட்டுவன் கீரனார் பாடியது, குதிரையும் யானையும் தேரும் ஊரும் வாரி வழங்கிய ஆய் தன் மகளிரோடு காட்டில் எரியுண்டதைச் சொல்லிவிட்டு, ஆதரவிழந்த புலவர்கள் பசியோடு வேறு நாடு தேடிப் போவதில் முடிகிறது. இறந்தவனின் பெருமை, அவன் இல்லாததால் வயிறு காயும் மனிதர்களைக் கொண்டு அளக்கப்படுகிறது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடியதிலோ அண்டிரன் வருகிறான் என்று விண்ணுலகில் முரசு முழங்குகிறது. ஒன்று இழப்பைக் கணக்கிடுகிறது, மற்றொன்று இறந்தவனைத் தெய்வ நிலைக்கு உயர்த்துகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இரங்கற் கூட்டங்கள் இவ்விரு வழிகளில்தான் நடந்துவருகின்றன என்று சொன்னால் மிகையாகாது; ஆனால் மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் முடமோசியாரின் வழியையே விரும்புகின்றனர், கீரனாரின் வழி கேட்போருக்குச் சங்கடம் தருவதால் போலும்.

இலக்கியப் பாடல்களுக்குப் பின், இந்த மண்ணில் நினைவைச் சுமந்தவை வாய்மொழிக் கதைப்பாடல்களாகும். மலையாள ஆய்வாளர்கள் தெக்கன் பாட்டுகள் என்றும் தமிழ் ஆய்வாளர்கள் கதைப்பாடல்கள் என்றும் வகைப்படுத்தும் இவை, தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் வில்லுப்பாட்டாகக் கோயில் கொடைகளில், அதாவது ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாக்களில், பாடப்பட்டன. திருமலை நாயக்கரின் படைக்கும் வேணாட்டுக்கும் 1634 அளவில் நடந்த கணியாகுளம் போரில் மாண்ட இரவிக்குட்டிப்பிள்ளையின் கதை அவற்றுள் புகழ்பெற்றது. வீரனின் புகழோடு, பொறாமையால் அவனைத் தனியே விட்டு விலகிய உடன் தலைவர்களின் துரோகமும், போருக்குப் போகாதே என்று தடுத்த வீட்டுப் பெண்களின் அச்சமும் சம அளவில் பாடப்படுகின்றன. கொலையுண்டும் தற்கொலை செய்தும் அகாலமாக இறந்தவர்கள் நாஞ்சில் நாட்டு வழக்கில் வாதைகளாகவும், மாடனாகவும் இயக்கியாகவும் கோயில் கொண்டனர். நல்லவர் என்பதற்காக ஒருவர் தெய்வமானார் என்பதைவிட, தீராத வழக்கோடு செத்தார் என்பதற்காகத் தெய்வமானார் என்பதே இங்குப் பொது விதி. அவருடைய குறையை மறைக்க வேண்டிய தேவையும் அதனால் எழவில்லை.

இந்த வாய்மொழி நினைவும் அரச நினைவும் நேருக்கு நேர் மோதும் இடம் மார்த்தாண்டவர்மரின் வரலாறு. 1729இல் இராமவர்ம மன்னர் இறந்தபோது, மருமக்கத்தாயம் எனும் சகோதரி மகனுக்கு உரிமை சேரும் முறைப்படி மருமகன் மார்த்தாண்டவர்மர் பட்டத்துக்கு வந்தார்; மன்னரின் மக்களான தம்பிமார் இருவரும் அதை எதிர்த்து, நாகர்கோவிலில் கொல்லப்பட்டனர். சி.வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ நாவலில் தம்பிமார் சதிகாரர்கள். தென் திருவிதாங்கூரில் பாடப்பட்ட தம்பிமார் கதையிலோ, தங்கையை மன்னருக்கு மணமுடிக்கும் பேச்சு முறிந்ததால் சினத்துக்கு இரையான அண்ணன்மாராக அவர்கள் வருகின்றனர். கேட்போரின் கண்ணீர் அவர்களுக்கே. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்ற பழைய பலாமரத்தின் எச்சம் நினைவுச்சின்னமாகப் பேணப்படுகிறது. பகைவர் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மர் ஒளிந்த பொந்து அதிலிருந்ததாகக் கதை. வென்றவர் ஒளிந்த மரம் காக்கப்பட, அவரை எதிர்த்துத் தோற்ற பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் மனைகளோ இடிக்கப்பட்டுக் குளமாகத் தோண்டப்பட்டதாக மரபு கூறுகிறது. புகழுக்கு இலக்கணம் இருந்ததுபோலவே பெயரழிப்புக்கும் இங்கு முறை இருந்தது. அந்த எட்டு வீடுகளுள் ஒன்றின் ஊரான வெங்ஙானூர், இருபதாம் நூற்றாண்டில் முற்றிலும் வேறொரு மனிதரால் அறியப்படப் போகிறது என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கல்குளம் வட்டாரத்துத் தலக்குளத்தில் 1765இல் பிறந்து திருவிதாங்கூரின் தளவாயாக, அதாவது முதன்மை அமைச்சராக உயர்ந்த வேலுத்தம்பியின் மறுவாழ்வு இதைவிடத் திருப்பங்கள் நிறைந்தது. 1809 சனவரியில் குண்டறையில் ஆங்கிலேயருக்கு எதிராக அறிக்கை விடுத்து, கிளர்ச்சி தோற்றபின் மண்ணடிக் கோயிலில் உயிர் துறந்த அவருடைய உடல், திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் எல்லோரும் காணத் தொங்கவிடப்பட்டது. அந்த நகரிலேயே இன்று தலைமைச் செயலகத்தின் முன் அவர் சிலை நிற்கிறது. அவருடையது எனப்படும் வாள் கிளிமானூர் அரச குடும்பத்தால் 1957இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்திடம் ஒப்படைக்கப்பட்டு, டெல்லியில் நெடுங்காலம் இருந்து, 2010இல் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. பிறந்த ஊர் 1956க்குப் பின் தமிழ்நாட்டில். சிலையும் வாளும் கேரளத்தில். தென் திருவிதாங்கூர்ச் செவிவழிக் கதைகளில் அவர் கொடுந்தண்டனைகளுக்குப் பேர்போனவராகவும் இருக்கிறார். நிலவரிக் கணக்கில் புரட்டு நடந்தபோது பெற்ற தாய் என்றும் பாராமல் தண்டித்தார் என்ற கதை, நீதியின் சான்றாகவும் அச்சத்தின் சான்றாகவும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. செயலகத்தின் முன்னிற்கும் வெண்கலத்துக்கு இந்த இரட்டைத்தன்மை கிடையாது.

மன்னர்களையும் தளவாய்களையும் விட்டு, இருபதாம் நூற்றாண்டின் தியாகிகளிடம் வரும்போது எல்லைக்கோட்டின் வேலை இன்னும் துலக்கமாகிறது. 1938 ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையில், திவான் சர் சி.பி. இராமசாமி ஐயரின் ஆட்சிக்கு எதிராகப் பொறுப்பாட்சி கேட்டுக் கிளர்ந்த திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் ஒருவர் கைது செய்யப்பட்டதை ஒட்டித் திரண்ட கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் மாண்ட இராகவன் இன்று வீரராகவன் என்றே அறியப்படுகிறார்; சாவு பெயருக்கு முன் ஓர் அடைமொழியைச் சேர்த்துவிட்டது. அந்த ஸ்டேட் காங்கிரசின் முதல் தலைவர் பட்டம் தாணுப்பிள்ளை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1954 ஆகஸ்டு 11 அன்று, நெய்யாற்றின்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள மார்த்தாண்டத்திலும், அதை அடுத்த புதுக்கடையிலும், தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரியவர்கள்மீது காவல்துறை சுட்டது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சராக இருந்தவர் அதே பட்டம் தாணுப்பிள்ளை. தம் கட்சி ஆட்சியே பதவி விலக வேண்டும் என்று பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் இராம் மனோகர் லோகியா வற்புறுத்தியது இந்திய அரசியலில் பெரும் விவாதமாயிற்று.

1970இல் பட்டம் மறைந்தபின் கேரள வரலாற்றில் அவருக்குரிய இடம் பொறுப்பாட்சிப் போராட்டத்தின் நாயகர் என்பது. குமரி மாவட்டத்துப் பேச்சில் அவருக்குரிய இடம் துப்பாக்கிச் சூட்டு முதலமைச்சர் என்பது. இரண்டும் உண்மை என்பதால் ஒன்றை மற்றொன்று மறுக்க முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே பேச்சில் சொல்லும் மேடை எந்தப் பக்கத்திலும் அமையவில்லை. புதுக்கடையில் எழுப்பப்பட்ட தியாகிகள் தூணின் முன் ஆண்டுதோறும் ஆகஸ்டு 11இல் மாலை வைக்கப்படும்போது, மாண்டவர்களின் வாழ்வைவிட அவர்கள் எதற்காக மாண்டனர் என்பதே பேசப்படுகிறது. தியாகிகளைப் புகழ்வதன் இயல்பே இதுதான். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்த, கி.மு. 431ஆம் ஆண்டின் இறுதியில் ஏதென்சில் போரில் மாண்டோருக்காக பெரிக்ளிஸ் ஆற்றிய உரையிலும், மாண்ட தனி வீரர் எவர் பெயரும் சொல்லப்படாமல் நகரத்தின் ஆட்சிமுறையும் பெருமையுமே போற்றப்படுகின்றன. தூணில் பெயர்கள் இருக்கலாம்; பேச்சு தூணை எழுப்பியவரின் கொள்கைக்கு உரியதாகிறது.

கொள்கை வென்றபின் அதன் தலைவருக்கு நேர்வதைக் காட்டுபவர் அ. நேசமணி. பள்ளியாடியில் 1895 சூன் 12இல் பிறந்து, நாகர்கோவிலில் வழக்கறிஞராகி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசை நடத்தித் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர வழிசெய்த அவர், மார்ஷல் என்றும் குமரித் தந்தை என்றும் அழைக்கப்பட்டார். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்பகுதியும் அக்கட்சியின் கோரிக்கையில் இருந்தது; பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையில் அதை ஏற்கவில்லை. எனவே அவரது புகழ் களியக்காவிளையோடு நின்றுவிடுகிறது. அதற்கு இப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் மொழிச் சிறுபான்மையினராகத் தங்கிவிட்ட தமிழருக்கு அவர், தங்களை இறுதிவரை கொண்டுசேர்க்க முடியாத தலைவர். மலையாளப் பெரும்பான்மையின் பொது நினைவில் அவருக்கு இடமே இல்லை. நவம்பர் 1 அன்று ஒரு பக்கத்தில் கேரளப் பிறவி நாள் கொண்டாடப்பட, மறுபக்கத்தில் குமரி இணைப்பும் எல்லைப் போராட்டத் தியாகிகளும் நினைவுகூரப்படுகின்றனர். தமிழ்நாடு அரசு 2019இல் அந்த நாளையே தமிழ்நாடு நாளாகக் கொண்டாடத் தொடங்கி, 2021இல் ஆட்சி மாறியபின் சூலை 18க்கு மாற்றிக்கொண்டதும் இங்கு நினைக்கத்தக்கது. மாநிலத்தின் பிற பகுதியினருக்கு நவம்பர் 1 இழப்பின் நாளாகவும் தென்பட, குமரிக்கு மட்டுமே அது முழு வெற்றியின் நாள்.

நேசமணி 1968 சூன் 1 அன்று நாகர்கோவில் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே இறந்தார். முந்தைய ஆண்டு விருதுநகரில் தோற்றிருந்த காமராசர் 1969 சனவரியில் நடந்த இடைத்தேர்தலில் அந்தத் தொகுதியில் நின்று வென்றார். தமிழக அரசியல் வரலாற்று நூல்களில் நேசமணியின் மரணம் பெரும்பாலும் காமராசரின் மறுவருகைக்கு முன்னுரையாக ஒரு வரியில் கடந்து போகிறது; ஒருவரின் இரங்கல் இன்னொருவரின் தேர்தல் கதைக்குள் கரைந்துபோவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். பின்னர் மார்த்தாண்டத்துக் கிறித்தவக் கல்லூரி நேசமணி நினைவுக் கல்லூரியாயிற்று. நாகர்கோவிலில் மணிமண்டபம் எழுந்தது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் குமரிப் பிரிவுக்கும் அவர் பெயர் இடப்பட்டது. ஆனால் கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததால் தென்மாவட்டங்களில் மூண்ட சாதிக் கலவரத்தை அடுத்து, 1997இல் மு. கருணாநிதியின் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை நீக்கியபோது, சச்சரவில் எந்தத் தொடர்பும் இல்லாத நேசமணியின் பெயரும் பேருந்துகளிலிருந்து போயிற்று. குமரி இணைப்பு இயக்கத்தின் இன்னொரு பெருந்தலைவரான தாணுலிங்க நாடார், 1957இல் நாகர்கோவில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். பிற்காலத்தில் இந்து முன்னணியின் தலைவரானார். இன்று நேசமணியைத் தென்னிந்தியத் திருச்சபை சார்ந்த நிறுவனங்களும் தாணுலிங்க நாடாரை இந்து இயக்கங்களும் முன்னின்று நினைவுகூர்கின்றன. ஒரே மேடையில் நின்றவர்களைச் சாவுக்குப்பின் சமயம் பிரித்து வைத்துக்கொண்டது.

இவ்விடத்தில் நாட்களின் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேசமணிக்கு அரசு மாலையிடுவது பிறந்த நாளில். தியாகிகளுக்கு இறந்த நாளைத் தவிர வேறு நாளில்லை. ஆரியங்கோட்டுக்கு மிக அருகே, நெய்யாற்றங்கரை அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கம் நிறுவிச் சாதி ஒழுங்கைக் கலைத்த நாராயண குருவுக்குக் கேரள அரசு பிறந்த நாள், சமாதி நாள் இரண்டையும் விடுமுறையாக்கியிருக்கிறது. தலச்சேரி ஜகந்நாதர் கோயிலில் 1927இலேயே, குரு உயிரோடிருக்கும்போதே, அவருக்குச் சிலை வைக்கப்பட்டதால், அவர் 1928 செப்டம்பர் 20இல் சிவகிரியில் மறைவதற்கு முன்பே நினைவுப் பணி தொடங்கிவிட்டது எனலாம். தமிழில் பாடல்கள் இயற்றியவரும், மருத்துவாழ்மலையில் தவமிருந்தவருமான குருவின் தமிழ்ப் பக்கம் அந்த விடுமுறைகளில் பேசப்படுவது குறைவு. நெய்யாற்றின்கரையோடு வாழ்வு பிணைந்த காந்தியர் ஜி. இராமச்சந்திரனுக்கும் இதே கதிதான்; திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947இல் அவரோடு சேர்ந்து தொடங்கிய மனைவி டாக்டர் சௌந்தரம் தமிழ்நாட்டு நினைவில் முதலிடம் பெற, இராமச்சந்திரனின் நினைவு ஊருட்டுகாலையில் உள்ள மாதவி மந்திரத்தில் தனியே இயங்குகிறது.

அன்றாட வழக்கில் இப்பகுதியின் இரங்கல் முறைகள் இருபுறமும் ஒன்றுபோலத் தோன்றினும் நடத்துவோர் வேறு. கேரளப் பக்கத்துச் சந்திகளில் ஆதராஞ்சலி என்ற தலைப்போடும், தமிழ்ப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி என்ற தலைப்போடும் ஃப்ளெக்ஸ் பலகைகள் எழுகின்றன. கேரளத்தில் ஊர் நூலகமே அனுஸ்மரணக் கூட்டத்தின், அதாவது நினைவேந்தலின், இயல்பான இடமாக இருக்கிறது. நூலக இயக்கத்தைக் கட்டிய பி.என். பணிக்கர் 1995இல் மறைந்த சூன் 19 வாசிப்பு நாளாகவே ஆக்கப்பட்டது. மலையாள நாளிதழ்களின் உள்ளூர்ப் பதிப்புகளில் வரும் சரமப் பக்கம், அதாவது இறப்புச் செய்திப் பக்கம், தலைவரையும் தையற்காரரையும் ஒரே அளவுப் படத்தோடு அடுத்தடுத்து நிறுத்துகிறது. இந்தியப் பத்திரிகைகளில் இவ்வளவு சமத்துவமான பக்கம் வேறில்லை என்று துணிந்து கூறலாம். பெருந்தலைவர்களின் மரணத்திலும் வேறுபாடு தெரிகிறது. தமிழ்நாட்டில் 1969இல் அண்ணா தொடங்கி மெரினாக் கடற்கரையின் இடமே மரியாதையின் அளவாகி, 2018 ஆகஸ்டில் கருணாநிதிக்கு அங்கே இடம் உண்டா என்பதை உயர் நீதிமன்றம் இரவோடிரவாக விசாரிக்க நேர்ந்தது. கேரளத்தில் உடல் பெரும்பாலும் தலைநகரை விட்டுச் சொந்த ஊருக்குப் போகிறது: 2023 சூலையில் முன்னாள் முதலமைச்சர் உம்மன் சாண்டியின் ஊர்வலம் ஒரு நாளுக்கு மேல் சாலையில் ஊர்ந்து புதுப்பள்ளி சேர்ந்தது, 2025 சூலையில் மற்றொரு முன்னாள் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் புன்னப்புரை-வயலார் எழுச்சித் தியாகிகளின் இடமான ஆலப்புழை வலிய சுடுகாட்டில் எரியூட்டப்பட்டார். சாண்டியின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி வேண்டுதல் வைப்போர் கூடியபோது, வாதை வழிபாட்டை அறிந்த தென் திருவிதாங்கூர்க்காரர்களுக்கு அது புதுமையாகப் பட்டிருக்காது.

இதுவரை கண்டவற்றில் ஒருவரின் விடுபட்ட பகுதியை எல்லைக்கு அப்பால் தேட வேண்டியிருந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்குள்ளேயே பிறந்து, ஒருவர் புகழ் மற்றவர் புகழின் விடுபட்ட பகுதியாக நிற்கும் இருவர் உண்டு. முதலாமவர் சுதேசாபிமானி கே. இராமகிருஷ்ண பிள்ளை (1878–1916). வக்கம் அப்துல் காதர் மௌலவி உரிமையாளராக இருந்த ‘சுதேசாபிமானி’ இதழின் ஆசிரியராகத் திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கடுமையாகச் சாடியதால், 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டு, அவர் ஆரல்வாய்மொழி வழியே திருநெல்வேலிச் சீமைக்கு நாடுகடத்தப்பட்டார். பின்னர் 1912இல் காரல் மார்க்சின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதி வெளியிட்டு, கண்ணூரில் 1916 மார்ச்சில் இறந்தார். அவரைப் பற்றிய முதல் பெரும் நினைவு நூலை எழுதியவர் மனைவி பி. கல்யாணி அம்மா; 1916இல் வந்த ‘வியாழவட்ட ஸ்மரணகள்’, பன்னிரண்டு ஆண்டு இல்லறத்தை நினைவுகூர்வதன் வழியே அவரை ஓர் இலட்சிய மனிதராக நிலைநிறுத்திற்று. 1957 ஆகஸ்டில் திருவனந்தபுரம் பாளையத்தில் அவருடைய சிலையைக் குடியரசுத் தலைவர் திறந்துவைத்தார். மன்னராட்சி துரத்திய மனிதரை மக்களாட்சி திரும்ப அழைத்துக்கொண்டதன் சின்னமாக அது விளங்கியது. இதழியலுக்கான மாநில விருதில் அவர் பட்டம் இருக்கிறது. பத்திரிகையாளர்கள் அவரை நினைவுகூரும் நாள் பிறந்த நாளோ இறந்த நாளோ ஆகாமல் நாடுகடத்தப்பட்ட செப்டம்பர் 26 ஆக இருப்பது, புகழ் எந்தச் செயலில் நங்கூரமிட்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இரண்டாமவர் அய்யன்காளி (1863–1941). வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்து, ஒடுக்கப்பட்டோர் நடக்கவும் தடையிருந்த பொதுச்சாலையில் 1893இல் வில்வண்டியோட்டி, 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவி, பள்ளிக்கூட உரிமைக்காகப் பண்ணை வேலைநிறுத்தம் நடத்தியவர். புலையர் குழந்தைகளைப் பொதுப்பள்ளிகளில் சேர்க்கத் திருவிதாங்கூர் அரசு 1910இல் ஆணையிட்டபோது, அதை எதிர்த்து அந்த ஆண்டு மார்ச்சில் தலையங்கம் எழுதியவர் இராமகிருஷ்ண பிள்ளை. பல தலைமுறைகளாக அறிவை உழுதவர்களின் பிள்ளைகளையும் வயலை உழுதவர்களின் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதாகும் என்பது அதன் வாதம். அடுத்து வந்த ஆண்டுகளில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டு பள்ளி எரிக்கப்பட்டது. தலையங்கம் எழுதிய கை தீவைத்தது என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்தத் தீயை நியாயம் என்று எண்ணியவர்களுக்கு உவமை ஒன்றை அது வழங்கியிருந்தது.

சிலை பெறுவதில் இருவருக்குமிடையே இருந்த கால வேறுபாடு தனியே பேசப்பட வேண்டியது. மறைந்து நாற்பத்தோர் ஆண்டுகளில், மாநிலம் பிறந்த மறு ஆண்டிலேயே, பத்திரிகையாசிரியருக்குத் தலைநகரில் சிலை வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் அச்சு இருந்தது, எழுதும் வர்க்கம் இருந்தது, விதவையின் நூல் இருந்தது. அய்யன்காளியின் வாழ்க்கை வரலாறு டி.எச்.பி. செந்தாரசேரியின் உழைப்பால் 1979இல்தான் நூலாயிற்று. அடுத்த ஆண்டு, 1980இல், வெள்ளயம்பலத்தில் இந்திரா காந்தி அவருடைய சிலையைத் திறந்தார். இடைப்பட்ட நாற்பதாண்டுக் காலம் அவர் வெங்ஙானூர்ச் சமாதியிலும் சமூகத்தின் வாய்மொழியிலும்தான் இருந்தார். அந்த நூலுக்குப் பின்பே, ‘சுதேசாபிமானி’யின் 1910 தலையங்கம் தலித் ஆய்வாளர்களால் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்டு, நாடுகடத்தப்பட்டவரின் புகழில் ஒரு கறையாகப் பொதுவெளிக்கு வந்தது. கறை புதிதன்று, அதைப் பார்க்கும் உரிமையுடைய வாசகர்கள் அதுவரை கணக்கில் கொள்ளப்படவில்லை.

பத்திரிகைச் சுதந்திரத்துக்காக அவர் இழந்ததை இந்தத் தலையங்கம் அழித்துவிடாது. இழப்பின் பெருமை தலையங்கத்தைச் சரியாக்கவும் முடியாது. கதைப்பாடல் கட்டிய பழைய புலவரிடம் இச்செய்தி கிடைத்திருந்தால், இரவிக்குட்டிப்பிள்ளையின் வீரத்தோடு துரோகத்தையும் பாடியதைப்போல, அரண்மனையை எதிர்த்த ஆசிரியரையும் பள்ளி வாசலில் நின்ற சிறுமியையும் ஒரே இரவுக் கதையில் பாடியிருப்பார். அரசு விழாவுக்கு அந்த வடிவம் கைவரவில்லை. அது வேறொரு வழியில் சமாளிக்கிறது: இருவருக்கும் தனித்தனி நாள், தனித்தனி விருந்தினர், தனித்தனி அமைப்புக் குழு. இருப்பினும் இடம் சில வேளைகளில் நாட்காட்டியை மீறுகிறது. 1896இல் கட்டப்பட்ட, அய்யன்காளி உறுப்பினராக இருந்த ஸ்ரீமூலம் பிரஜாசபை கூடிய விக்டோரியா ஜூபிலி மண்டபம் 2019இல் அய்யன்காளி மண்டபமாயிற்று. அது இராமகிருஷ்ண பிள்ளையின் சிலை நிற்கும் அதே பாளையத்தில் இருக்கிறது. ஊருட்டம்பலம் அரசுப் பள்ளியும் அண்மையில் அய்யன்காளியின் பெயரோடு பஞ்சமியின் பெயரையும் பெற்றுக்கொண்டது. எந்தப் பதவியும் வகிக்காத, சட்டமன்றத்தில் இரங்கல் தீர்மானம் பெறாத ஒரு மாணவியின் பெயர் அரசு நிறுவனமொன்றில் ஏறியிருப்பதால், இனி செப்டம்பர் 26இல் பேச வரும் எவரும் அந்த மார்ச் மாதத் தலையங்கத்தைச் சொல்லாமல் விட்டால், தாம் எதை விட்டுவிட்டோம் என்று தெரிந்தே விடுவதாகவே கருதப்படுவர்.